ஆபரேஷன் தள்ளிப்போகிறதா? முதலில் அந்த மாத்திரையைப் பாருங்கள்

கேள்வி (கொரோனா காலத்தில் வந்தது): என் அக்காவுக்கு வயது 49. இடது மார்பில் 2 சென்டிமீட்டர் கட்டி. ஊசி பயாப்ஸியில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. ஈஆர் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், அக்குளில் பரவல் இல்லை என்கிறது ரிப்போர்ட். ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். கொரோனாவால் அதை ரத்து செய்து, லெட்ரோசோல் மாத்திரை எழுதிக்கொடுத்து, "அப்புறம் கூப்பிடுகிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். 7 வருடம் முன்பே கர்ப்பப்பையை எடுத்துவிட்டதால் மாதவிடாய் இல்லை. வெறும் மாத்திரையை வைத்துக்கொண்டு காத்திருக்கலாமா? தெரிந்தவர் ஒருவர் வேறொரு மருத்துவமனையில் இந்த வாரமே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். போகலாமா?

பதில்: காத்திருக்கலாம். ஆனால் அந்த மாத்திரை அக்காவுக்குச் சரியானதுதானா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது, உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன கர்ப்பப்பை விஷயம்தான் என்னை நிறுத்தியது. அதற்கு வருகிறேன்.

முதலில் பயத்தைப் பார்ப்போம். மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை. ஈஆர் பாசிட்டிவ் வகை, உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தின்று வளர்கிறது, பெரும்பாலும் மெதுவாக. ஹார்மோனைத் தடுத்தால் கட்டி வளராமல் நிற்கும், பலருக்குச் சுருங்கவும் செய்யும். கொரோனா வருவதற்கு முன்பே, கட்டியைச் சுருக்கிவிட்டு அறுப்பதற்காகவும், வயதானவர்களுக்கு ஆபரேஷனைத் தள்ளிவைப்பதற்காகவும் மாதக்கணக்கில் லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரைகளைக் கொடுத்துவந்தோம். 2020ல் மயக்க மருந்து டாக்டர்களும் வென்டிலேட்டர்களும் கொரோனா வார்டுக்குப் போய்விட்டபோது உலகம் முழுக்க இதே வழியைத்தான் கையில் எடுத்தார்கள். ஆகவே உங்கள் அக்காவைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த பாசிட்டிவ் வகை என்றாலோ, ஈஆர், பிஆர் (இன்னொரு ஹார்மோன் ஏற்பி), ஹெர்-2 மூன்றுமே நெகட்டிவ் என்றாலோ என் பதில் வேறாக இருந்திருக்கும், அது உங்களுக்கு இல்லை, விடுங்கள்.

சரி, மாத்திரை. மாதவிடாய் முற்றுபெறாத பெண்ணின் உடலில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் சினைப்பையிலிருந்து வருகிறது. முற்றுபெற்ற பிறகு கொழுப்புத் திசு போன்ற இடங்களிலிருந்து கொஞ்சமாக வருகிறது. லெட்ரோசோல் இந்த இரண்டாவது வகையைத்தான் ஒழுங்காக அடக்கும். சினைப்பை வேலை செய்துகொண்டிருக்கும்போது இதை மட்டும் கொடுப்பது, பெரிய குழாயைத் திறந்துவிட்டுச் சொட்டுக்குழாயை இறுக்கி மூடுவது மாதிரி. அதைவிட மோசம் என்றுகூடச் சொல்லலாம், ஏனென்றால் அந்த நிலையில் இது சினைப்பையைத் தூண்டிவிடும். குழந்தைப்பேறு சிகிச்சையில் கருமுட்டை வளர இதே மாத்திரையைத்தான் கொடுக்கிறார்கள்.

இப்போது அக்காவின் கதைக்கு வாருங்கள். கர்ப்பப்பையை எடுத்தால் மாதவிடாய் வராது, அவ்வளவுதான். சினைப்பைகளை விட்டுவைத்திருந்தால் அவை தம் பாட்டுக்கு ஹார்மோனைச் சுரந்துகொண்டுதான் இருக்கும், 49 வயதில் அது சாதாரணம். நோயாளி "எனக்கு மாதவிடாய் நின்று 7 வருடம்" என்று சொல்லியிருப்பார், கூட்டத்துக்கு நடுவில், முகக்கவசத்துக்குப் பின்னாலிருந்து, யாரோ ஒரு பயிற்சி டாக்டர் "மாதவிடாய் முற்றியது" என்று எழுதி, அடுத்தவர் அதைப் பார்த்து மாத்திரை எழுதியிருப்பார். இது இப்படித்தான் நடக்கிறது, பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. பழைய ஆபரேஷன் சீட்டைத் தேடி எடுங்கள். இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள் என்று அதில் தெளிவாக இருந்தால் லெட்ரோசோல் சரிதான், நிம்மதியாக இருங்கள். ஒன்றையாவது விட்டிருந்தால், அல்லது சீட்டே கிடைக்காவிட்டால், டாக்டருக்குப் போன் செய்து சினைப்பை வேலை செய்கிறதா என்று காட்டும் எஸ்ட்ராடியால், எஃப்எஸ்ஹெச் ஹார்மோன் ரத்தப் பரிசோதனைகளை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். லெட்ரோசோல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும், ரிசல்ட்டைப் படிப்பதற்கு அது தேவை. சினைப்பை இன்னும் வேலை செய்கிறது என்றால் இரண்டு வழி: சினைப்பை வேலை செய்தாலும் ஈஸ்ட்ரோஜன் கட்டியைத் தூண்டாமல் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரைக்கு மாறுவது, அல்லது லெட்ரோசோலோடு சினைப்பையை உறங்கவைக்கும் ஊசியையும் மாதாமாதம் சேர்ப்பது. மாதாமாதம் ஊசிக்காக மருத்துவமனைக்கு அலைய வேண்டாம் என்பதால் டமாக்சிஃபென் எளிது. ஒரே எச்சரிக்கை, அது சிலருக்கு ரத்தம் உறையவைக்கும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ "கொரோனாவாக இருக்கும்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது. டாக்டர் சொல்லும்வரை நீங்களாக எதையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

அடுத்து, தேதி. "கூப்பிடுகிறோம்" என்பது தேதி இல்லை. ஆபரேஷனைத் தள்ளிவைப்பதில் எனக்குக் கோபம் இல்லை, தள்ளிவைத்தவர்களின் பட்டியலை ஒரு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ளக்கூட முடியாத நிர்வாகத்தின்மேல்தான் கோபம். பெட் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நோட்டும் பேனாவுமா இல்லை? ஆபரேஷன் 4 வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 8 சதவீதம் கூடும் என்று 2020ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கணக்கு ஒன்று சுற்றுகிறது, பார்த்துப் பயந்திருப்பீர்கள். அது நூற்றில் 8 பேர் கூடுதலாக இறப்பார்கள் என்பதல்ல, இருக்கிற அபாயம் சற்றுக் கூடும் என்பது: நூற்றுக்கு 10 இருந்த இடத்தில் 11க்குக் கொஞ்சம் குறைவு. சரியான மாத்திரையோடு காத்திருப்பது, சும்மா காத்திருப்பது போல அல்ல. ஆனால் எல்லையில்லாமல் காத்திருக்க அது அனுமதிச்சீட்டும் இல்லை. ஆறு வாரத்துக்குள் ஒருமுறை டாக்டர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், மூன்றாம் மாதம் அல்ட்ராசவுண்டில் அளக்க வேண்டும், முடிந்தால் முதலில் அளந்த இடத்திலேயே. கட்டி வளர்ந்திருந்தால் வரிசையில் முன்னே வர உங்களுக்கு உரிமை உண்டு, அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அந்தத் "தெரிந்தவர்" விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் நின்றுபோன காலத்தில் இவர்கள் காளான் மாதிரி முளைப்பார்கள். நல்லெண்ணத்தில் பேசுகிறவர்களும் உண்டு, ஆனால் நோயாளியைக் கொண்டுபோய் விட்டால் கமிஷன் கிடைக்கிற இடங்களும் உண்டு. அங்கே நடப்பது என்ன தெரியுமா? புற்று எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று தேடும் முழு உடல் பெட் (PET) ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், உங்கள் அக்கா நிலையில் அது தேவையே இல்லை. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் போதும் என்ற இடத்தில், கதிர்வீச்சு வசதி இல்லாததால் முழு மார்பகத்தையும் எடுத்துவிடுவார்கள். அல்லது கட்டியை மட்டும் அவசரமாக எடுத்து, ஓரங்களில் புற்று மிச்சம் இருக்க, அக்குளைத் தொடாமல், மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்த அரைகுறை வேலையைச் சரிசெய்ய மறுபடி எங்களிடம்தான் வருகிறார்கள், அதுவும் எடுத்த கட்டியின் ரிப்போர்ட்கூட இல்லாமல். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அறுப்பவர் யார், அக்குளின் முதல் நெறிக்கட்டிகளைப் பரிசோதிப்பார்களா, அப்புறம் கதிர்வீச்சு எங்கே? மழுப்பினால் போனை வைத்துவிடுங்கள். உங்கள் டாக்டரே கடிதம் கொடுத்து வேறு இடத்துக்கு அனுப்பினால் அது வேறு, தயங்காமல் போங்கள். எங்கே போனாலும் பயாப்ஸி ரிப்போர்ட்டின் அசலையும், ஆய்வகத்தில் இருக்கும் மெழுகுக் கட்டையையும் (பயாப்ஸியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பது) புரோக்கர் கையில் கொடுக்காதீர்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சுக்கு வாரக்கணக்கில் அலைய வேண்டுமே என்று கவலைப்பட்டால், ஒரே வாரத்தில் 5 முறை கொடுப்பது 3 வாரம் கொடுப்பதற்குக் குறைந்ததல்ல என்று 2020 ஏப்ரலில் வெளியான ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வு காட்டியது. எல்லா இடத்திலும் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள் கேளுங்கள்.

கொரோனா தடுப்பூசி போட வேண்டுமென்றால் வலது கையில் போடச் சொல்லுங்கள். இடது கையில் போட்டால் இடது அக்குளில் சில வாரம் நெறி கட்டலாம், ஸ்கேன் எடுப்பவர் அதைப் புற்றுநோய்ப் பரவல் என்று எழுதிவிட்டால் இன்னொரு பயாப்ஸிக்கு நீங்கள் ஓட வேண்டியிருக்கும்.