காலிங் பெல்லில் யார் பெயர்?

அன்புள்ள அக்கா,

அக்டோபரில் ஜெர்மனியில் இருக்கிற டோர்ட்மண்ட் வந்தேன். மாஸ்டர்ஸ் முதல் செமஸ்டர். சொந்த ஊர் நாமக்கல் பக்கம். நாலு பேர், எல்லாரும் தமிழ்ப் பையன்கள், ஒரே வீட்டில் இருக்கிறோம். வகுப்பு ஆங்கிலத்தில்தான். வாரத்தில் இரண்டு நாள் பார்சல் குடோனில் வேலை, மீதி நேரமெல்லாம் அறைக்குள்ளேயே போகிறது. நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை கிடையாது, ஊரே இழவு வீடு மாதிரி இருக்கிறது. ராத்திரி சட்னிக்கு மிக்ஸி போட்டதற்குக் கீழ்வீட்டுப் பாட்டி இரண்டு முறை வந்து திட்டிவிட்டுப் போனார். பேங்க் கார்டு இன்னும் வந்து சேரவில்லை, கேட்டால் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். அப்பா கடன் வாங்கித்தான் அனுப்பினார், அவரிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்லி வருகிறேன். நீங்கள் அதே ஊரில் படித்ததாக எழுதியிருந்தீர்கள். எனக்கு இந்த ஊர் பழகுமா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் பேங்க் கார்டு. உங்கள் வீட்டுக் காலிங் பெல்லிலும் தபால் பெட்டியிலும் இப்போது யார் பெயர் இருக்கிறது என்று கீழே இறங்கிப் போய்ப் பாருங்கள். அனேகமாக உங்களுக்கு முன்னால் குடியிருந்தவர் பெயர்தான் இருக்கும். ஜெர்மனியில் பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. தெருப்பெயர், கட்டட எண், அதற்குப் பிறகு பெயர்தான் விலாசம். தபால்காரர் வாசலில் நின்று அந்தப் பெயரைத் தேடுவார், இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். எனக்கும் இதுதான் நடந்தது. ஒரு மாதம் போல எந்தக் கடிதமும் வராமல், கார்டும் வராமல், ஊரில் எல்லாரும் சேர்ந்து என்னை ஒதுக்குவதாக நினைத்து அழுதிருக்கிறேன். மாடியில் இருந்த ஒரு பெண் என்னைக் கீழே கூட்டிப்போய்ப் பெல்லைக் காட்டினாள். காகிதத்தில் பெயரை எழுதி செலோடேப் போட்டு ஒட்டினேன், அடுத்த வாரமே இன்சூரன்ஸ், வரி எண், பேங்க் என்று கடிதங்கள் வந்து விழுந்தன.

இதில் நம் ஆட்களுக்கு மட்டும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் நிற்கும். ஜெர்மன்காரர் கடிதம் எழுதுவது அந்தப் பெயருக்குத்தான், அதனால் பெல்லில் உங்கள் அப்பாவின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். கூட இருக்கும் மூன்று பேருக்கும் இதையே சொல்லுங்கள். நாலு அப்பாக்களின் பெயரையும் வரிசையாக எழுதி ஒட்டுங்கள், இடம் போதாவிட்டாலும் பரவாயில்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. ஊர் எனக்குப் பழகுமா என்று கேட்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் பார்த்தது என்னவென்றால், அந்த ஊருக்கு உங்களைத் தெரிந்துகொள்ள நீங்கள் இன்னும் ஒரு வழியும் விடவில்லை. வாசலில் பெயர் இல்லை, அதற்கும் மேலே, கீழ்வீட்டு அம்மாவுக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ராத்திரி ஓடுகிற மிக்ஸி ஒன்றுதான்.

அந்த அம்மாவிடமிருந்தே தொடங்குங்கள். அங்கே இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம், ஞாயிறு நாள் முழுக்க அப்படித்தான். அது அவருடைய கோபத்தில் பிறந்த விதி கிடையாது, ஊருக்கே பொது. ஒரு சனிக்கிழமை பகலில், நாலு பேரும் சேர்ந்து போகாமல் நீங்கள் ஒருவர் மட்டும் போய் மணி அடித்து, பெயரைச் சொல்லி, மிக்ஸிக்கு மன்னிப்புக் கேளுங்கள். வீட்டுக்கு ஆட்கள் வருகிற நாளில், இன்று இரவு கொஞ்சம் சத்தம் இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு சீட்டு எழுதி மாடிப்படியில் ஒட்டிவிடுவது அங்கே வழக்கம், அதையும் செய்யுங்கள். அவர் உடனே சிரித்துப் பேசிவிடுவார் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் அடுத்த முறை மேலே சத்தம் கேட்டால், மேலே இருக்கிற யாரோ என்று நினைக்காமல் உங்கள் முகத்தை நினைப்பார். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. ஒரு கடை கிடையாது என்று எழுதியிருக்கிறீர்கள், பூடே திறந்திருக்குமே, பார்க்கவில்லையா? டிரிங்க்ஹாலே என்றும் சொல்வார்கள், ஜன்னல் வழியாகச் சாமான் கொடுக்கிற சின்னக் கடை. 19ஆம் நூற்றாண்டில் நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையுமாக, டோர்ட்மண்ட் இருக்கிற ரூர் பகுதி பெருத்தபோது குழாய்த் தண்ணீரை நம்பிக் குடிக்க முடியாது, தொழிலாளிகளுக்கு மினரல் வாட்டர் விற்க வந்த கடைகள் இவை. இன்று செய்தித்தாள், பீர், ரொட்டி, குழந்தைகளுக்கு ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் போட்டுத் தருகிற மிட்டாய் என்று எல்லாம் கிடைக்கும். நம் ஊர்ப் பெட்டிக்கடைக்கு அவ்வளவு நெருக்கமான ஒன்றை அந்த நாட்டில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

என் தெருமுனைப் பூடேயில் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா. முதல் நாள் அவர் விலை சொன்னார், நான் இரண்டு யூரோ ஐம்பத்து மூன்று சென்ட் எண்ணி வைத்தேன். அவர் கேட்டது இரண்டு யூரோ முப்பத்தைந்து. ஜெர்மனில் முப்பத்தைந்தை ஐந்தும் முப்பதும் என்று திருப்பித்தான் சொல்வார்கள், நான் முதலில் காதில் விழுந்த எண்ணை முதலில் வைத்துவிட்டேன். அவர் மிச்சக் காசைத் தள்ளிக் கொடுத்துவிட்டு, தொகையை என்னையே சொல்லச் சொன்னார். சொன்னேன், தப்பு. திரும்பச் சொல்ல வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நான் விலையைச் சரியாகச் சொன்ன பிறகுதான் காசை வாங்குவார். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றாலும் அவருக்குக் கவலையில்லை, வரிசையில் நிற்பவர்களும் சேர்ந்து திருத்துவார்கள். அவர் கணவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். டோர்ட்மண்டின் கடைசிச் சுரங்கத்தை 1987-இல் மூடினார்கள், அதற்குப் பிறகு அவர் என்னென்ன வேலை பார்த்தார் என்ற கதையெல்லாம் அந்த ஜன்னலில் நின்றபடி, எனக்குப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும், கேட்டதுதான். கிளம்பும்போது க்ளூக் அவுஃப் என்பார், சுரங்கத் தொழிலாளிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற வாழ்த்து. நான் திருப்பிச் சொல்லப் பழகினேன். ஆறு மாத வகுப்பில் வராத எண்கள் எனக்கு அந்த ஜன்னலில் வந்தன.

ஆகவே ஓர் இடம் பிடியுங்கள். பூடேயோ, பல்கலைக்கழக விளையாட்டு வகுப்போ, நூலகமோ, எதுவானாலும் சரி, ஆனால் வாரம் ஒரே நாள், ஒரே நேரம். புது இடம் புது இடமாகச் சுற்றிப் பார்த்தால் போட்டோதான் மிஞ்சும். முதல் நாலைந்து வாரம் ஒன்றும் நடக்காது, அதற்காக விட்டுவிடாதீர்கள். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறதே என்று ஜெர்மனைத் தள்ளிப் போடவும் வேண்டாம்.

உங்கள் செமஸ்டர் டிக்கெட்டில், அதாவது மாணவர் பயண அட்டையில், பக்கத்து ஊரான ஹாம் போய் வாருங்கள். வட்டார ரயிலில் அரை மணிக்குள் போய்விடலாம், அங்கிருந்து பஸ். ஹாம்-உவென்ட்ராப்பில், தொழிற்சாலைகள் நடுவே, ஈழத்தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002-இல் குடமுழுக்கு நடந்தது. கோடையில் தேர் ஓடும், ஐரோப்பா முழுக்க இருந்து ஆட்கள் வருவார்கள், பக்கத்துக் கால்வாயில் தீர்த்தம் நடக்கும். சாமி கும்பிட்டுச் சோறு சாப்பிட்டதோடு திரும்பிவிடாதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் வந்த கதையைக் கேளுங்கள். எண்பதுகளில் உங்கள் வயதில் வந்தவர்கள் இருப்பார்கள். அகதி விண்ணப்பம் போட்டவர்கள் அனுமதியில்லாமல் தங்கள் வட்டாரத்தை விட்டுப் போகக்கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது, வீட்டைப் பற்றிச் செய்தி வர வாரக்கணக்கில் ஆகும், திரும்பிப் போகவும் வழியில்லை. உங்கள் வருத்தத்தைச் சின்னதாக்க இதைச் சொல்லவில்லை. அந்த ஊர்களில் எப்படி இருப்பது என்று தமிழிலேயே சொல்லித்தரக்கூடியவர்கள் அரை மணி தூரத்தில் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்காமல் இவ்வளவு தொலைவில் இருக்கிற என்னிடம் கேட்கிறீர்களே என்றுதான்.

இருட்டைப் பற்றி ஒன்று. நாலரை மணி இருட்டு டிசம்பர், ஜனவரியோடு சரி, ஜூனில் இரவு பத்தை ஒட்டித்தான் இருட்டும். ஆனாலும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், எழுந்திருக்கவே மனமில்லாமல் நாட்கள் போனால் வெயில் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை இருக்கும், நேரம் கேட்டு வாங்கிப் போங்கள். கூட இருக்கும் மூன்று பேரிடமும் இதைப் பேசுங்கள். ஒரே வீட்டில் நாலு பேரும் நன்றாக இருக்கிறேன் என்று அவரவர் வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்பாவிடமும் பொய் வேண்டாம். கடன் வாங்கி அனுப்பியவருக்கு, நீங்கள் அங்கே எதோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று தெரிந்தால் தாங்கிக்கொள்வார், மாதக்கணக்கில் மறைத்ததுதான் பிறகு வலிக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் இப்படிச் செய்யுங்கள். பெல்லில் பெயரை ஒட்டியதும் ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள். ஜெர்மனியில் ஒரு வீட்டு வாசலில் தன் பெயர் ஏன் இருக்கிறது என்று அவர் கேட்பார். கார்டு திரும்பிப் போனதிலிருந்து சொல்ல ஆரம்பியுங்கள்.