எரிகோவைச் சுற்றவிடுங்கள்

கேள்வி: மும்பை தாராவியில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. கடைசியில் ஒரு விளையாட்டு வைத்தால், வந்ததுமுதல் அதையேதான் கேட்கிறார்கள். பாடம் மனதில் நிற்பதில்லை. அறையும் சின்னது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, விளையாட்டு கடைசியில் இருப்பதுதான் சிக்கல். அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றாகப் பாடம் ஆகிவிடுகிறது. கதையில் நடப்பதையே பிள்ளைகள் செய்யட்டும்.

வரும் ஞாயிறு எரிகோவை எடுங்கள். யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் சுற்றி நடந்து ஆர்ப்பரித்தபோது மதில் இடிந்து விழுந்த பட்டணம் அது. நாலு நாற்காலியை நடுவில் போட்டால் அதுதான் மதில். ஒரு நாளுக்கு ஒரு சுற்று என்று ஆறு சுற்று, வாயே திறக்கக் கூடாது. யாராவது சிரித்துவிட்டால் அந்தச் சுற்றை எல்லோரும் மறுபடி நடக்க வேண்டும். ஏழாம் நாளுக்கு ஏழு சுற்று, அப்புறம்தான் ஆர்ப்பரிப்பு. (பக்கத்து வீடுகளில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.) முடிந்ததும், "பேசாம நடந்தப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். "போர் அடிச்சுது", "கிறுக்குத்தனமா இருந்துச்சு" என்பார்கள். திருத்தாதீர்கள். யோசுவாவோடு நடந்தவர்களுக்கும் அப்படித் தோன்றியிருக்கலாம், ஆனாலும் நடந்தார்களே என்று சொல்லி, யோசுவா 6-ஆம் அதிகாரத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். கீழ்ப்படிதலைப் பற்றித் தனியாகப் பிரசங்கிக்க வேண்டியிருக்காது.

லூக்கா 15-இல் வரும் காணாமற்போன வெள்ளிக்காசும் இதற்கு ஏற்ற கதை. பத்து நாணயங்களில் ஒன்றை ஒளித்துவிட்டு, விளக்கை அணைத்து, ஒரே ஒரு டார்ச்சோடு தேடச் சொல்லுங்கள். கண்டுபிடித்த பிள்ளைக்கு மட்டும் பரிசு தராதீர்கள். கதையில் காசைத் தொலைத்துக் கண்டுபிடித்த பெண் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுத்தானே சந்தோஷப்பட்டாள்? எல்லோருக்கும் முறுக்கு கொடுங்கள்.

தோற்றவர் வெளியே போகும் ஆட்டங்கள் வேண்டவே வேண்டாம். வெளியே போகிற பிள்ளைதான் பெரும்பாலும் பாடம் அதிகம் தேவைப்படுகிற பிள்ளை. சிலுவைப்பாடுகளையும் விளையாட்டாக்காதீர்கள், அதைக் கதையாகவே சொல்லுங்கள்.

மனப்பாட வசனத்துக்கு ஒரு பந்து போதும், எழுத்து தேவையில்லை. வட்டமாக உட்கார்ந்து, பந்து கைக்கு வந்தவர் ஒரு சொல் சொல்லி அடுத்தவருக்குத் தர வேண்டும்: கர்த்தர், என், மேய்ப்பராயிருக்கிறார், நான், தாழ்ச்சியடையேன். கடைசிச் சொல்லில் பலரும் தடுமாறுவார்கள். பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கலாம், அது தப்பில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.