சேப்பங்கிழங்கு: கை அரிக்குது, தொட்டியில் கிழங்கைக் காணோம்!

கேள்வி: சேப்பங்கிழங்கைத் தோல் சீவினாலே முழங்கை வரை அரிக்கிறது. போன வாரம் வறுவல் சாப்பிட்டு எல்லோருக்கும் தொண்டையும் அரித்தது. புளி போட்டுத்தான் செய்தேன், அப்புறம் ஏன்?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: புளி மேல் பழியைப் போடாதீங்க, கிழங்கு வேகவில்லை, அவ்வளவுதான். சேம்புக்குள் கால்சியம் ஆக்சலேட் என்கிற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசி ஊசியாக இருக்கிறது. பச்சையாகச் சீவும்போது அது தோலில் குத்துகிறது, அரைவேக்காடாகத் தின்றால் தொண்டையில் குத்துகிறது. புளியும் மோரும் நம் பாட்டிகள் கண்ட நல்ல துணை, ஆனால் வேகவைப்பதற்கு மாற்று இல்லை. அதனால் பச்சையில் சீவவே வேண்டாம். மண் போகக் கழுவி, ஒரே அளவான கிழங்குகளாகப் பொறுக்கித் தோலோடு வேகவைத்தால், ஆறியதும் தோல் கையோடு வந்துவிடும். பெரிசும் சிறிசும் கலந்து போட்டால் சிறிசு குழைந்து பெரிசு நடுவில் கல்லாக நிற்கும், உங்கள் வறுவலில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். கத்தி குத்திப் பாருங்க, நடுவரை தடையில்லாமல் இறங்கணும். கொழகொழப்புப் பிடிக்காதவர்கள் ஆறவைத்து நறுக்கி, கொஞ்சம் அரிசி மாவு தூவி மொறுமொறுவென வறுக்கலாம். என்னைக் கேட்டால், அந்தக் கொழகொழப்போடு மோர்க்குழம்பில் கிடக்கும் சேம்புக்கு ஈடே இல்லை. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்க.

கேள்வி: கடையில் வாங்கிய கிழங்கு முளைவிட்டது என்று மாடியில் பையில் நட்டேன். இலை யானைக்காது மாதிரி விரிந்திருக்கிறது, மூன்று மாதத்தில் தோண்டிப் பார்த்தால் சுண்டைக்காய் அளவுதான் கிழங்கு!
— ஒரு வாசகர், மதுரை

பதில்: மூன்று மாதத்தில் யார் தோண்டச் சொன்னது? ஐந்து, ஆறு மாதம் பொறுக்கணும். இலைகள் மஞ்சளாகிச் சாய ஆரம்பித்தால்தான் கிழங்கு முற்றிய அடையாளம். தோண்டியதை மூடி, அடித்தண்டைச் சுற்றி மண்ணை அணைத்துவிடுங்க, பக்கக் கிழங்குகள் அந்த மண்ணுக்குள்தான் பெருக்கும். சாணியும் தழைச்சத்தும் அள்ளிக் கொட்டினால் இலைதான் கொழுக்கும், கொஞ்சம் மரச்சாம்பல் போடுங்க. தண்ணீர் விஷயத்தில் சேம்பு பெரிய குடிகாரன், மண் காயவே கூடாது. ஆனால் அறுவடைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு தண்ணீரைக் குறைத்துவிடலாம்.

மழைக்காலத்தில் இலையில் நீர் ஊறின மாதிரி வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளி வந்தால் அந்த இலையை உடனே வெட்டி அப்புறப்படுத்துங்க. இலைக் கருகல் நோய் அது. 1993-ல் பசிபிக் தீவான சமோவாவில் சேம்புச் சாகுபடியையே கிட்டத்தட்ட ஒழித்துக்கட்டிய நோய், மாடிப் பை எல்லாம் அதற்கு எம்மாத்திரம்?

கேள்வி: சேம்பு இலையைச் சமைக்கலாமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக. குஜராத்தில் கடலை மாவு தடவிச் சுருட்டி, ஆவியில் வேகவைத்து 'பாத்ரா' செய்கிறார்கள். இளம் இலையாகப் பறித்து நரம்பைச் சீவிவிட்டு நன்றாக வேகவைக்கணும். அழகுக்கு வளர்க்கும் பெரிய இலைச்செடிகளும் பார்க்க இதே மாதிரி இருக்கும், கிழங்கு நட்டு நீங்களே வளர்த்த செடியில் மட்டும் பறிங்க.