லேப்ரடார் நாய்க்கு ஏன் பசி அடங்குவதில்லை? வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி (தண்டையார்பேட்டை வாசகி): எங்கள் லேப்ரடாருக்கு மூன்று வயது, 42 கிலோ. வைத்ததை ஒரு நிமிடத்தில் காலி செய்துவிட்டு, நாங்கள் சாப்பிடும்போது எதிரில் வந்து உட்கார்ந்துகொள்கிறான். பாவமாக இருக்கிறது டாக்டர். சோறு போதவில்லையா?

பதில்: அதிகமாகவே போகிறது அம்மா. ஆண் லேப் பொதுவாக 29 முதல் 36 கிலோ, பெண் 25 முதல் 32 கிலோ. அவன் பசி பொய்யில்லை. லேப்களில் சுமார் நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்ததை உணர்த்தும் மரபணுவில் ஒரு பகுதி விடுபட்டிருப்பதை 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். எவ்வளவு போட்டாலும் இன்னும் கேட்கும். அளவை நாம்தான் வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் 48 லேப்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்தார்கள். கால் பங்கு குறைவாகச் சாப்பிட்டவை, மற்றவற்றைவிட ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவலியும் தள்ளியே வந்தது. எனக்குத் தெரிந்து எந்த டானிக்கும் இதைத் தராது.

வீட்டில் யார் யார் என்ன போடுகிறார்கள் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். டீக்கடைப் பொறை, பால் பிஸ்கட், தாத்தா ஊட்டும் தயிர்சாதம் எல்லாம் கணக்கில் வரும். முதலில் அவற்றை நிறுத்துங்கள். ஒரு நாள் சாப்பாட்டை அளந்து, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ரொம்பக் கேட்டால் வெள்ளரி, கேரட். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அதுதான் சரியான எடை. உணவைக் குறைத்தும் இளைக்காவிட்டால் தைராய்டு பரிசோதனை தேவைப்படலாம்.

கேள்வி (பெரம்பூர் வாசகர்): வெயிலுக்கு முடியை ஒட்ட வழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில், குளிர்கடலில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வாரிசு இது. அதனால்தான் இரண்டு அடுக்கு முடி. மழித்தால் வெயில் நேராகத் தோலில் படும், முடியும் ஒழுங்காக வளராமல் போகலாம். வாரம் இரண்டு மூன்று முறை சீவி, உதிர்ந்த உள்முடியை எடுத்தால் போதும்.

முடியைவிட நம் ஊர்ப் புழுக்கம்தான் ஆபத்து. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஈரம் கூடினால் அது சரியாக நடக்காது. குண்டு நாய்க்கு இன்னும் கஷ்டம். நடையை விடியற்காலையில் முடித்துவிடுங்கள். ஈறு கருஞ்சிவப்பாகி, தள்ளாடினால் உடனே குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, மின்விசிறியைப் போடுங்கள். அப்புறம் நேராக ஆஸ்பத்திரி. உங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான்.

கேள்வி (திருவொற்றியூர் வாசகர்): கடலில் நீந்த விடலாமா?

பதில்: லேபுக்கு நீச்சலைப் போல நல்ல உடற்பயிற்சி இல்லை, விரல்களுக்கு நடுவே சவ்வும், துடுப்பு போன்ற வாலும் அதற்கே. ஆனால் நம் பக்கக் கரையில் பாறாங்கல் கொட்டியிருக்கும் இடங்களில் இறக்காதீர்கள். நீண்ட கயிறு கட்டாயம். உப்புத் தண்ணீரைக் குடித்தால் வாந்தி, பேதி வரும். குடிதண்ணீர் எடுத்துப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காதை நன்றாகத் துடையுங்கள். தொங்கும் காதில் ஈரம் தங்கினால் சீழ் பிடிக்கும்.

கேள்வி (வியாசர்பாடி வாசகி): மழைக்காலத்தில் தெருவெல்லாம் தண்ணீர். தனியாகத் தடுப்பூசி உண்டா?

பதில்: உண்டு. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் பரவும். நாயிடமிருந்து நமக்கும் வரலாம். வருடாவருடம் போட வேண்டிய ஊசி. அக்டோபருக்கு முன்பே போடுங்கள். காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சளானால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

கேள்வி (புளியந்தோப்பு வாசகர்): ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. குட்டி வாங்கலாமா? கறுப்பு லேப் முரடு என்கிறார்களே?

பதில்: நிறத்துக்கும் குணத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள், ஒரே ஈற்றில் கறுப்பும் மஞ்சளும் பிறக்கும். மாடி தடையில்லை, தினமும் ஒரு மணி நேரமாவது வெளியே கூட்டிப்போக ஆள் இருந்தால். குட்டிக்கு மூன்று மாத வயது ஆகும்வரை படியில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு மூட்டு கெடலாம். வழுக்கும் டைல்ஸில் பாய் விரியுங்கள். வாங்கும் முன் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.