ராயபுரம் பழைய வீட்டில் சுண்ணாம்புக் கலவையால் கட்டிய நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில் சிமெண்ட் பூச்சு உதிர்வது

உப்பி உதிர்ற சிமெண்ட் பூச்சு மேல இன்னொரு வாட்டர்ப்ரூஃப் கோட் அடிக்காதீங்க. முழுசா கொத்தி எடுத்துட்டு சுண்ணாம்பு-சுர்க்கி (செங்கல் தூள்) பூச்சு போடுங்க.

காரணம் பெரும்பாலும் உப்பு. கடலோர மண்ணுல இருந்து பழைய செங்கல் ஈரத்தை இழுக்கும். சிமெண்ட் அதை வெளிய விடாது. உப்பு பின்னாடியே படிஞ்சு பூச்சைத் தள்ளிடும். சுத்தியலால தட்டினா பொக்குன்னு கேக்குற இடமெல்லாம் ஏற்கெனவே செங்கல்லை விட்டுப் பிரிஞ்சதுதான்.

கொத்துறதுக்கு முன்னாடி தொட்டியை நிரப்பி, சாக்பீஸ்ல கோடு போட்டு, மட்டம் எங்க நிக்குதுன்னு பாருங்க. நிக்கிற உயரத்துக்குக் கொஞ்சம் மேலதான் விரிசல் இருக்கும். ஆனா அது பக்கத்துக் கிணத்து மட்டத்தோட ஒண்ணா இருந்தா, நிலத்தடி நீரோட சமமாகி நின்னிருக்கு. விரிசல் அதுக்குக் கீழயும் இருக்கலாம்.

பூச்சுக்கு: நீத்த சுண்ணாம்பு 1, சுர்க்கி 1, நல்லா கழுவின ஆத்து மணல் 1. சுர்க்கி நல்லா வெந்த செங்கல் தூளா இருக்கணும். கடல் மணல் கூடவே கூடாது. செங்கல்லை நல்ல தண்ணியில பலமுறை கழுவி, முதல் கை பூச்சு 12 மிமீ, ரெண்டாவது 6 மிமீ. பூச்சு மேல ஈரச் சாக்கு போட்டு மூடுங்க, ரெண்டு வாரம் அது காயவே கூடாது. அவசரப்பட்டா மயிரிழை வெடிப்பு நிச்சயம்.

ஐப்பசி, கார்த்திகையில தொட்டியைக் காலி பண்ணாதீங்க. வெளி நீர் அழுத்தம் புதுப் பூச்சையும் பிடுங்கிடும். மூடியிருந்த தொட்டிக்குள்ள ஆள் இறங்குறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து, காத்து நல்லா அடிச்சு விடுங்க. தனியா யாரும் இறங்க வேண்டாம், உயிர் போற விஷயம்.