அது கோயில் வாசல் இல்லைங்க, சுமைதாங்கிக் கல்

வணக்கங்க. பெருந்துறைப் பக்கம் உங்கள் ஊர்ப் பொங்கல் புதையல் வேட்டையில் ‘இருவர் நிற்பார், ஒருவர் படுப்பார், பாரம் வாங்குவார், கூலி கேளார்’ என்ற துப்பில் சிக்கி, கோயில் வாசலையே சுற்றுவதாக எழுதியிருந்தீர்கள். அது சுமைதாங்கிக் கல். நட்ட கல் இரண்டு, குறுக்கே ஒன்று. தலைச்சுமையை ஆள் துணையின்றி இறக்கத் தோதான உயரம். பழைய சந்தைத் தடத்தோரம் தேடுங்கள். ரோடு உயர்ந்து பாதி புதைந்தும் கிடக்கலாம். எங்கள் ஊர்க் கல்லின் மேல்பக்கம் கூடை உரசி உரசி வழுவழுவென்று இருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்களின் நினைவாக வைத்தவை பல. அதனால் மேலே ஏறி நிற்க விடாதீர்கள். அப்புறம், அடுத்த துப்பில் புலி வந்தால் புலிக்குத்திக் கல்லைப் பாருங்கள். வீரன் ஒருவன் பாயும் புலியைக் குத்துகிற மாதிரி செதுக்கியிருக்கும். துப்புச் சீட்டைக் கல்லில் பசை போட்டு ஒட்ட வேண்டாம் என்றும் நடத்துகிறவர்களிடம் சொல்லுங்கள்.