பேஸ்பால் கேள்வி – பதில்: அம்பயர் தவறும்போது

அமெரிக்க மேஜர் லீக் ஆட்டங்களைப் பார்க்கும் வாசகர்கள் நிறையக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அம்பயர் தீர்ப்பு, வீடியோ ரீப்ளே பற்றியவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: நெருக்கமான தீர்ப்பு வந்ததும் மேனேஜர் அம்பயரைப் பார்த்துக் கையைத் தூக்குகிறார். சில நொடிகள் ஒன்றும் நடப்பதில்லை. அப்புறம் சில நேரம் ரீப்ளே கேட்கிறார், சில நேரம் கையை இறக்கிவிடுகிறார். நடுவில் என்ன நடக்கிறது? (சேலம் வாசகர்)

பதில்: "கொஞ்சம் பொறுங்கள், கேட்கலாமா என்று பார்க்கிறோம்" என்பதுதான் அந்தச் சைகை. ஒவ்வொரு அணிக்கும் மைதானத்திலேயே ஒரு வீடியோ அறை உண்டு. அங்கிருப்பவர் கேமராக் கோணங்களை ஓட்டிப் பார்த்துவிட்டு டக்அவுட்டுக்கு (அணியினர் உட்காரும் இடம்) போன் செய்கிறார். 'கேளுங்கள்' என்று அவர் சொன்னால் மேனேஜர் சேலஞ்ச் செய்கிறார். மேனேஜர் சேலஞ்ச் 2014இல் வந்தபோது, பல மேனேஜர்கள் மெல்ல நடந்து போய் அம்பயரிடம் பேச்சுக் கொடுத்தே நேரத்தை ஓட்டினார்கள். 2017இல் 30 நொடி என்று கெடு வைத்தார்கள். 2020இல் அது 20 ஆனது, 2023 முதல் 15.

சேலஞ்ச் செய்ததும் தலைமை அம்பயர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நியூயார்க்கில் இருக்கும் ரீப்ளே மையத்தோடு பேசுகிறார். முடிவு சொல்வது அந்த மையம். அங்கே உட்கார்ந்து பார்ப்பவர்களும் லீக்கின் அம்பயர்களே, முறைவைத்து அந்த வேலைக்குப் போகிறார்கள். முடிவு மூன்று வகை. களத் தீர்ப்பை வீடியோ தெளிவாக ஆதரித்தால் 'உறுதி'. தெளிவாக மறுத்தால் 'மாற்றம்'. எந்தப் பக்கமும் தெளிவில்லை என்றால் களத்தில் சொன்னது 'அப்படியே நிற்கும்'. 2022 முதல் இதை அம்பயரே மைக்கில் அறிவிக்கிறார். அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது பெரிய உதவி. அதற்கு முன்னால் கைச்சைகையைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது.

வழக்கமான ஆட்டத்தில் அணிக்கு ஒரு சேலஞ்ச். ஜெயித்தால் கையில் தங்கும், தோற்றால் போய்விடும். பிளேஆஃப் ஆட்டங்களில் இரண்டு. கையிருப்பு தீர்ந்த மேனேஜர் 8ஆம் இன்னிங்ஸ் முதல், 'நீங்களே பாருங்கள்' என்று தலைமை அம்பயரைக் கேட்டுக்கொள்ளலாம். பார்ப்பதும் விடுவதும் அவர் விருப்பம்.

இந்தப் 15 நொடியையும் ஒழிக்க வேண்டும் என்பது ரசிகர்களில் பலருடைய கோரிக்கை. எங்கள் கருத்தும் அதுவே. ஊரறிந்த பெரிய தவறைத் திருத்தத்தான் ரீப்ளே வந்தது. அப்படிப்பட்ட தவறு வெறுங்கண்ணுக்கே தெரியும். வீடியோ அறை ஆளைக் கேட்டுவிட்டுச் செய்யும் சேலஞ்சில் மேனேஜருக்கு எந்தத் துணிச்சலும் தேவைப்படுவதில்லை.

கேள்வி: காலராகாவின் 'பெர்ஃபெக்ட் கேம்' பறிபோன கதை என்ன? தவறு என்று அம்பயரே ஒப்புக்கொண்ட பிறகும் ஏன் திருத்தவில்லை? (மதுரை வாசகர்)

பதில்: 2010 ஜூன் 2, டெட்ராய்ட், கொமெரிக்கா பார்க். உள்ளூர் அணியான டைகர்ஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) அர்மாண்டோ காலராகா கிளீவ்லாந்து அணியின் 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கிவிட்டார். ஒருவர்கூட பேஸைத் தொடவில்லை. 27ஆவது ஆளும் அவுட் ஆனால் அது பெர்ஃபெக்ட் கேம். மேஜர் லீக் வரலாற்றிலேயே அதற்கு முன் நடந்தவை 20தான். ஜேசன் டொனால்ட் அடித்த பந்தை ஃபர்ஸ்ட் பேஸ்மேன் மிகேல் கப்ரேரா ஓடி எடுத்து வீச, காலராகாவே ஓடிவந்து பேஸை மிதித்தபடி பிடித்தார். ஓட்டக்காரர் வந்து சேர இன்னும் ஓர் அடி இருந்தது. ஃபர்ஸ்ட் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் 'சேஃப்' என்றார். காலராகா சண்டைக்குப் போகவில்லை. ஒரு புன்னகையோடு பந்து வீசும் மேட்டுக்குத் திரும்பி, அடுத்த ஆளை அவுட் ஆக்கி ஆட்டத்தை முடித்தார்.

அன்றிருந்த விதிப்படி ரீப்ளே ஹோம் ரன் தகராறுக்கு மட்டும்தான். அதுவே 2008 ஆகஸ்டில்தான் வந்திருந்தது. வீடியோவைப் பார்த்துவிட்டு ஜாய்ஸ் காலராகாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஹோம் பிளேட்டில் அணிப் பட்டியலைக் கொடுக்க வந்தவர் காலராகா. வாங்கிய ஜாய்ஸின் கண்கள் கலங்கியிருந்தன. தீர்ப்பை மாற்றும்படி ரசிகர்கள் லீக்கின் தலைவரான கமிஷனர் பட் செலிக்கிடம் கேட்டார்கள். அவர் மாற்றவில்லை.

மாற்றியிருக்கலாம் என்றவர்களின் வாதம் வலுவானது. அடுத்த ஆளும் அவுட், டைகர்ஸ் 3–0 என்று ஜெயித்தாயிற்று. தீர்ப்பைத் திருத்தினால் ஆட்ட முடிவு துளியும் மாறாது, பதிவேட்டில் ஒரு வரிதான் மாறும். ஆனால் ஒன்றைத் திருத்தினால், பழைய ஆட்டங்கள் அத்தனைக்கும் மனுப் போட வரிசை நிற்கும். செலிக் திருத்தாதது சரியே என்றுதான் நினைக்கிறோம். தவறு நடந்த இடத்தில், அடுத்த பந்து வீசுவதற்குள் திருத்த வழி வேண்டும். 2014 விதி அதைத்தான் செய்தது.

கேள்வி: 1985 உலகத் தொடரை (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) டென்கிங்கர் என்ற அம்பயர்தான் கெடுத்தார் என்று செயின்ட் லூயிஸ் ரசிகர்கள் இன்றும் சொல்கிறார்களே? (சென்னை வாசகர்)

பதில்: தவறு உண்மை. தொடர் முழுவதையும் அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அக்டோபர் 26, கான்சஸ் சிட்டி, ஆறாவது ஆட்டம். செயின்ட் லூயிஸ் அணியான கார்டினல்ஸ் தொடரில் 3–2 என்று முன்னிலை, இந்த ஆட்டத்திலும் 9ஆம் இன்னிங்ஸில் 1–0 முன்னிலை. கான்சஸ் சிட்டி அணியான ராயல்ஸின் ஜார்ஜ் ஓர்ட்டா அடித்த பந்தை கார்டினல்ஸின் ஃபர்ஸ்ட் பேஸ்மேன் ஜாக் கிளார்க் எடுத்து, பேஸை மூட வந்த பிட்சர் டாட் வொரெலுக்குப் போட்டார். ஓர்ட்டா தெளிவாக அவுட். டான் டென்கிங்கர் 'சேஃப்' என்றார்.

ஏன் தவறினார் என்பது கவனிக்க வேண்டியது. ஃபர்ஸ்ட் பேஸ் அம்பயர் கண்ணால் பேஸில் விழும் காலைப் பார்ப்பார், பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காதால் பிடிப்பார். எது முந்தியதோ அதுதான் தீர்ப்பு. அன்று அரங்கின் இரைச்சலில் சத்தம் கேட்கவில்லை. வொரெல் உயரமானவர், பந்தையும் மேலே எட்டிப் பிடித்தார். பேஸுக்கு மிக அருகில் நின்ற டென்கிங்கரால் காலையும் கையுறையையும் ஒரே பார்வைக்குள் கொண்டுவர முடியவில்லை. ஓரிரு அடி பின்னால் நின்றிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். ராயல்ஸின் பால்போனி தூக்கியடித்த எளிய ஃபவுல் பந்தைக் கிளார்க் பிடிக்கவில்லை. அந்த பால்போனி அடுத்து சிங்கிள் அடித்தார். அடுத்தவர் தட்டிவிட்ட பந்தில் ஓர்ட்டா தேர்ட் பேஸில் அவுட் ஆனார். அதாவது தவறாகச் சேஃப் ஆனவர் ரன் எடுக்கவே இல்லை. கேட்சர் டாரல் போர்ட்டர் ஒரு பந்தைக் கோட்டைவிட்டதில் ஓட்டக்காரர்கள் முன்னேறினார்கள். கடைசியில் டேன் ஐயார்க் சிங்கிள் அடிக்க, 2–1. மறுநாள் ஏழாவது ஆட்டத்தில் கார்டினல்ஸ் 11–0 என்று நொறுங்கியது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் 'மாற்றம்' என்று வந்திருக்கும். ராயல்ஸ் ஒரு அவுட்டோடும் காலி பேஸ்களோடும் தொடங்கியிருக்கும். அதற்கு மேல் யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

கேள்வி: ஓட்டக்காரர் பேஸை முதலில் தொட்டுவிட்டார், எல்லோரும் பார்த்தோம். ஆனாலும் ரீப்ளேயில் அவுட். எப்படி? (சான் ஹோசே வாசகர்)

பதில்: ரசிகர்களை அதிகம் எரிச்சலூட்டும் விஷயம் இதுதான். சறுக்கி வருபவரின் கால் செகண்ட் பேஸில் மோதுகிறது. அந்த வேகத்தில் உடம்பு ஒரு துள்ளு துள்ளி, கண் இமைக்கும் நேரத்துக்குக் கால் பேஸிலிருந்து எழும்பிவிடுகிறது. பந்தைப் பிடித்திருக்கும் ஃபீல்டரின் கையுறை அப்போதும் தொடையில் அழுந்தியிருந்தால் அவர் அவுட். விதி பழையதே. ஆனால் அந்த நூலிழை இடைவெளியை அம்பயரின் கண் பிடிப்பது அரிது, அதனால் வெகுகாலம் அதற்கு அவுட் கொடுப்பதும் அரிதாகவே இருந்தது. கேமரா வந்ததும் விதி புதிதாக உயிர்பெற்றது. இப்போது ஃபீல்டர்களுக்குப் பயிற்சியே இதுதான்: டேக் செய்ததும் (பந்துள்ள கையுறையால் ஓட்டக்காரரைத் தொட்டதும்) கையுறையை எடுக்காதே, ஓட்டக்காரர் அசையாமல் நிற்கும்வரை அழுத்திக்கொண்டே இரு.

ஓட்டக்காரர்கள் பக்கமும் மாறியிருக்கிறது. தலைமுன்னாகப் பாய்பவர் பேஸைத் தாண்டி வழுக்கும் ஆபத்து அதிகம். ஒரு காலை மடக்கி மறுகாலால் பேஸில் முட்டுக்கொடுத்து எழும் சறுக்கலிலும், எழும் வேகத்தில் தொடர்பு அறுகிறது. 2023இல் பேஸின் பக்க அளவை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கியது இதற்கும் கொஞ்சம் உதவுகிறது. பேஸுக்கு நேர் மேலே காலோ கையோ இருக்கும்வரை தொடர்பு இருப்பதாகவே கொள்ளலாம் என்ற யோசனையைப் பலர் முன்வைக்கிறார்கள். எங்களுக்கும் அது பிடித்திருக்கிறது. பந்தை முந்தி வந்தவருக்குப் பலன் கிடைக்க வேண்டும்.

கேள்வி: இத்தனை கேமரா இருந்தும் 'தெளிவில்லை' என்று ஏன் வருகிறது? (கோவை வாசகர்)

பதில்: சாதாரண ஒளிபரப்புக் கேமரா நொடிக்குச் சுமார் 60 படம் எடுக்கும். மேஜர் லீக் ஓட்டக்காரரின் சராசரி உச்ச வேகம் நொடிக்கு 27 அடி. கணக்குப் போட்டால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அவர் 5 அங்குலத்துக்கு மேல் நகர்ந்துவிடுகிறார். கால் பேஸைத் தொட்டதும் பந்து கையுறைக்குள் போனதும் அந்த இடைவெளியில் நடந்தால், இருப்பது இரண்டு படம்: ஒன்றில் இரண்டும் நடக்கவில்லை, மற்றதில் இரண்டும் நடந்தாயிற்று. அதிவேகக் கேமரா இருந்தால் தப்பிக்கலாம், அதன் கோணத்தை யாராவது மறைக்காமல் இருந்தால்.

2021 ஏப்ரல் 11 அன்று அட்லாண்டாவில் நடந்தது இதற்குப் பெயர்போன உதாரணம். 9ஆம் இன்னிங்ஸில் ஃபிலாடெல்ஃபியாவின் அலெக் போம் ஹோம் பிளேட்டுக்குச் சறுக்கினார். கால் பிளேட்டைத் தொடவே இல்லை என்பது டிவி பார்த்த பெரும்பாலோரின் முடிவு. ரீப்ளே மையம் 'சேஃப்' தீர்ப்பை அப்படியே விட்டது, ஃபிலாடெல்ஃபியா 7–6 என்று ஜெயித்தது. தெளிவு எவ்வளவு வேண்டும் என்ற அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த அளவுகோலை லீக் விளக்கமாக எழுதி வெளியிட வேண்டும்.

கேள்வி: எதற்கெல்லாம் ரீப்ளே கேட்க முடியாது? (திருச்சி வாசகர்)

பதில்: செக் ஸ்விங் (பேட்டர் வீச்சைப் பாதியில் நிறுத்தினாரா என்பது), பாக் (பிட்சரின் விதிமீறிய அசைவு), இன்ஃபீல்ட் ஃப்ளை (எளிதாகப் பிடிக்கக்கூடிய உயரப் பந்து என்று, பிடிக்கும் முன்பே பேட்டருக்கு அவுட் கொடுப்பது) ஆகியவை முக்கியமானவை. 2012இல் அட்லாண்டா–செயின்ட் லூயிஸ் வைல்ட் கார்ட் ஆட்டத்தில், இடது அவுட்ஃபீல்டுக்குள் வெகுதூரம் போய் விழுந்த பந்துக்கு இன்ஃபீல்ட் ஃப்ளை கொடுத்தார்கள். ரசிகர்கள் பாட்டில்களை வீசி ஆட்டமே நின்றது. அதே தீர்ப்பு இன்று வந்தாலும் வீடியோவுக்குப் போகாது.

கேள்வி: ஸ்ட்ரைக், பால் தீர்ப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டதாமே? கிரிக்கெட் டிஆர்எஸ் போலத்தானா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: பிளேட்டுக்கு மேலே இருக்கும் கற்பனைக் கட்டத்தைத் தொட்டு வரும் பந்து ஸ்ட்ரைக், பேட்டர் அடிக்க முயலாமல் விட்ட, கட்டத்துக்கு வெளியே போகும் பந்து பால். இதைத் தீர்மானிக்கும் இயந்திர முறைக்கு ஏபிஎஸ் (தானியங்கி பால்–ஸ்ட்ரைக் முறை) என்று பெயர். சிறு லீக்குகளில் பல ஆண்டுகள் சோதித்து, 2025 வசந்தப் பயிற்சி ஆட்டங்களிலும் அந்த ஆண்டு ஆல்-ஸ்டார் ஆட்டத்திலும் பயன்படுத்தி, செப்டம்பரில் ஒப்புதல் கொடுத்து, 2026 பருவத்துக்கு மேஜர் லீக்கில் கொண்டுவந்தார்கள். பந்தைத் தொடர்வது கிரிக்கெட்டிலும் இருக்கும் அதே ஹாக்-ஐ. டிஆர்எஸ் முதலில் சோதிக்கப்பட்டது 2008 ஜூலையில் இலங்கையில் நடந்த இந்தியத் தொடரில். மேஜர் லீக்கின் ஹோம் ரன் ரீப்ளேயும் அதே ஆண்டுதான்.

வழக்கம்போல அம்பயரே தீர்ப்புச் சொல்வார். அணிக்கு இரண்டு சேலஞ்ச், ஜெயித்தால் தங்கும். கேட்கும் உரிமை பேட்டர், பிட்சர், கேட்சர் மூவருக்கு மட்டும். உடனே தொப்பியையோ ஹெல்மெட்டையோ தட்ட வேண்டும். டக்அவுட்டிலிருந்து சைகை வந்தால் சேலஞ்ச் செல்லாது. படம் திரையில் வந்து, சுமார் 15 நொடியில் முடிந்துவிடுகிறது.

டிஆர்எஸ்ஸோடு பெரிய வேறுபாடு, இங்கே 'அம்பயர்ஸ் கால்' இல்லை. பந்தின் விளிம்பு மயிரிழை அளவு பட்டாலும் ஸ்ட்ரைக். கட்டத்தின் அகலம் பிளேட்டின் அகலமான 17 அங்குலம். மேல்கோடு பேட்டரின் உயரத்தில் 53.5 சதவீதம், கீழ்க்கோடு 27 சதவீதம். 6 அடி ஆளுக்கு மேல்கோடு தரையிலிருந்து சுமார் 38.5 அங்குலம், கீழ்க்கோடு சுமார் 19.4. குனிந்து நின்றாலும் நிமிர்ந்து நின்றாலும் மாறாது. விதிப்புத்தகத்தின் கட்டம் பிளேட்டின் முழு நீளத்துக்கும் இருக்கும் ஒரு கன உருவம். ஏபிஎஸ் அளப்பது பிளேட்டின் நட்ட நடுவே ஒரு தளத்தை மட்டும். ஆகவே பிளேட்டின் முன்விளிம்பில் மட்டும் கட்டத்தை உரசிவிட்டுக் கீழே இறங்கும் கர்வ் பந்து, புத்தகப்படி ஸ்ட்ரைக்காக இருந்தும் இயந்திரத்துக்குப் பால்.

முதல் இன்னிங்ஸில், பேஸ்கள் காலியாக இருக்கும்போது முதல் பந்துக்கே சேலஞ்சைச் செலவழிப்பது வீண். 3–2 கணக்கில் (3 பால், 2 ஸ்ட்ரைக்; இன்னொரு பால் என்றால் பேட்டருக்கு ஃபர்ஸ்ட் பேஸ், இன்னொரு ஸ்ட்ரைக் என்றால் அவுட்), பேஸ்கள் நிறைந்திருக்கும்போது ஒரு பந்து ரன்னையோ அவுட்டையோ நேரடியாகத் தீர்மானிக்கிறது. சேலஞ்சை அதற்கு வைத்திருக்க வேண்டும். கேட்க ஏற்றவர் கேட்சர், அவர்தான் பந்தை நேர்கோட்டில் பார்க்கிறார். பிட்சர் வீசிய வேகத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருப்பார், தன் பந்தின் மேல் பாசமும் அதிகம். பல அணிகள் பிட்சரைக் கேட்கவே விடுவதில்லை.

கேள்வி: எல்லாப் பந்துக்கும் இயந்திரமே தீர்ப்புச் சொல்லிவிட்டால் என்ன? (பெங்களூரு வாசகர்)

பதில்: தென்கொரியாவின் கேபிஓ லீக் 2024 முதல் அப்படித்தான் நடத்துகிறது. தீர்ப்பு அம்பயரின் காதுக்கு வருகிறது, அவர் அறிவிக்கிறார். சேலஞ்ச் முறையே மேல் என்பது எங்கள் கருத்து. விளிம்பில் வந்த பந்தைக் கையுறையை அசைக்காமல் அமைதியாகப் பிடித்து ஸ்ட்ரைக் வாங்குவது கேட்சரின் தொழில்திறன். முழு இயந்திரம் வந்தால் அந்தத் திறனுக்கு வேலையே இல்லை. சேலஞ்ச் முறையில் அது பிழைக்கிறது, ஆட்டத்தைப் புரட்டும் அப்பட்டமான தவறும் திருந்துகிறது.

கேள்வி: அரங்கில் உட்கார்ந்து பார்க்கும்போது, ரீப்ளேயில் தீர்ப்பு மாறுமா என்று ஊகிக்க வழி உண்டா? (டாலஸ் வாசகர்)

பதில்: ஃபர்ஸ்ட் பேஸ் என்றால் பெரிய திரையில் காலை மட்டும் பாருங்கள். கால் பேஸில் படும் படத்தில் பந்து கையுறைக்கு வெளியே தெரிந்தால் சேஃப், தெரியாவிட்டால் பெரும்பாலும் களத் தீர்ப்பே நிற்கும். டேக் என்றால் பக்கவாட்டுக் கோணம் வரும்வரை நம்பாதீர்கள், முன்கோணத்தில் கையுறை உடம்பில் பட்டதுபோலவே தெரியும். மேனேஜர் கையைத் தூக்கியதுமே யோசிக்காமல் சேலஞ்ச் கேட்டால் வீடியோ அறையிலிருந்து உறுதியான பதில் வந்திருக்கிறது. 15 நொடியின் விளிம்பில், கடைசி இன்னிங்ஸ்களில் கேட்டால், மீந்த சேலஞ்சை வீணாக்க வேண்டாமே என்று கேட்பதுதான். அதில் மாற்றம் வரும் வாய்ப்பு குறைவு.